வாசகர் கேள்வி – பதில்: மாற்றுத் துடுப்பை எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது?

ஒன்ராறியோவின் அல்கொங்குவின் பூங்கா ஏரிகளில் பனிக்கட்டி உடைந்து வழிவிடுவது ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில். கனூ என்னும் துடுப்புப் படகில் போகும் பயணம் பற்றிய கடிதங்கள் அதற்கு முன்பே வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை மாற்றுத் துடுப்பைப் பற்றியவை. அதனால் இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நானும் கணவரும் ஜூலையில் மூன்று நாள் கனூவில் போகிறோம். வாடகைக் கடையில் மூன்று துடுப்புத் தருகிறார்கள். இரண்டு பேருக்கு மூன்றாவது எதற்கு? படகைத் தோளில் சுமக்கும் இடங்களில் ஒரு சுமையாவது குறையுமே.
— ஸ்காபரோ வாசகி

கட்டாயம் எடுத்துப் போங்கள். மரத் துடுப்பு ஒன்று அரைக் கிலோவுக்கும் முக்கால் கிலோவுக்கும் இடைப்பட்ட எடைதான். சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் சாப்பாட்டுப் பையில் கை வையுங்கள். அங்கே நிச்சயம் அதைவிடக் கூடுதலாக ஏதாவது இருக்கும்.

துடுப்பு நடு ஏரியில் முறிந்து போவது அரிது. பெரும்பாலும் அது தொலைந்துதான் போகிறது. கரையில் சாய்த்து வைத்ததைக் காற்று தண்ணீருக்குள் தள்ளிவிடும். படகைச் சுமந்து போகும் தரைவழி கடந்ததும், முதல் நடையில் கொண்டுவந்து மரத்தில் சாய்த்த துடுப்பை அங்கேயே விட்டுப் படகேறிவிடுவார்கள். மீன் பிடிக்கும்போது மடியில் கிடந்தது நழுவும். ஓடும் நீரில் கற்களுக்கிடையே சிக்கி கையிலிருந்து பிடுங்கப்படும்.

ஒரு துடுப்பு போய்விட்டால் மிச்சமுள்ள ஒன்றை வைத்துக் கரை சேரலாம் என்பது அமைதியான நீரில் உண்மை. பின் ஆசனத்தில் இருப்பவர் தனியாக வலித்துக் கொண்டுபோகலாம். ஒப்பியோங்கோ போன்ற பெரிய ஏரியில் மதியத்துக்குப் பிறகு காற்று எழுந்தால் கதை வேறு. படகின் முன்முனையைக் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒற்றைத் துடுப்பு அதைத் திருப்பி நிறுத்துவதற்கே சரியாகிவிடும், முன்னே போக மிஞ்சாது.

கனடிய விதிப்படி கனூவில் இருக்க வேண்டியவை ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், குறைந்தது 15 மீற்றர் நீளமான மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்கும் பாத்திரம் அல்லது கைப்பம்பு, விசில், இருட்டில் போவதென்றால் விளக்கு. மாற்றுத் துடுப்பையும் இந்த வரிசையில் வைத்தே நினையுங்கள். நாலைந்து படகாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குழுவுக்கு ஒன்று போதாது, படகுக்கு ஒன்று வேண்டும். காற்றில் படகுகள் பிரியும் நேரத்தில்தான் அது தேவைப்படும்.

மாற்றுத் துடுப்பை நைலோன் கயிற்றால் குறுக்குச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தோம். கரையோரமாகப் பயிற்சிக்குப் படகைக் கவிழ்த்துப் பார்த்தபோது அவிழ்க்கவே முடியவில்லை. தளர்த்திக் கட்டினால் மிதந்து போய்விடுமே? சரியான முறை எது?
— மார்க்கம் வாசகர்

முதலில், கவிழ்த்துப் பார்த்தீர்களே, அதற்குப் பாராட்டு. பலர் கட்டிவிட்டு அதோடு மறந்துவிடுவார்கள்.

நைலோன் கயிற்றில் இறுக்கிப் போட்ட முடிச்சை நனைந்தபின் அவிழ்ப்பது கடினம். அதன்மேல் குளிர்ந்த கை. குளிர்நீர் பற்றி மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு. குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறத்தாழ 1 மணித்தியாலம். அந்த 10 நிமிடத்திலும் முதலில் செயலிழப்பது விரல் நுனிகள்தான். மே மாத ஏரியில் விரல் நுனியால் அவிழ்க்க வேண்டிய எந்த முடிச்சும் முடிச்சே அல்ல, பூட்டு. முழுக் கையால் பிடித்து இழுத்தால் விடுபடும் ஏற்பாடு வேண்டும். அதே நேரம் படகு கவிழ்ந்து உருண்டாலும் துடுப்பு படகோடேயே இருக்க வேண்டும்.

இதற்கு ஏற்றது எலாஸ்டிக் கயிறு. துணி உறை போட்ட 6 மில்லிமீற்றர் ரப்பர் கயிறு, ஹார்ட்வெயார் கடைகளிலும் படகுச் சாமான் கடைகளிலும் மீற்றர் கணக்கில் கிடைக்கும். இரும்புக் கொக்கி பொருத்தி ஆயத்தமாக விற்பதை வாங்காதீர்கள். இழுபட்டு நிற்கும் கொக்கி நழுவினால் நேரே முகத்துக்கு, கண்ணுக்கு வரும்.

இடத்தைச் சொல்கிறோம். 16, 17 அடி இருவர் கனூவில் நடுவே தோளில் தாங்கும் நுகம் இருக்கும். அதற்கும் பின் ஆசனத்துக்கும் இடையே ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். துடுப்பின் அலகு நுகத்தின்மேல், தண்டு பின் குறுக்குச் சட்டத்தின்மேல், கைப்பிடி பின்னால் இருப்பவரை நோக்கி, எல்லாம் படகின் விளிம்பை ஒட்டினாற்போல். 145 சென்ரிமீற்றர் துடுப்பை இப்படிக் கிடத்தினால் கைப்பிடி குறுக்குச் சட்டத்தைத் தாண்டி ஒரு சாண் நீண்டு பின் ஆசனக்காரரின் முழங்காலுக்கு முன்னே நிற்கும். குனிந்தால் எட்டும். படகின் திசையைப் பிடிப்பவர் அவர், அதனால் துடுப்பு அவர் கைக்குத்தான் முதலில் வர வேண்டும். அவர் வழக்கமாக வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பில் வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வலிப்பிலும் முழங்கால் இடிக்கும், இரண்டாம் நாள் எரிச்சலில் கழற்றிப் பைக்குள் செருகிவிடுவார்.

சட்டங்களுக்குக் கீழே செருகலாமே என்று பலர் கேட்கிறார்கள். கீழே செருகினால் பைகள் அதன்மேல் ஏறி அழுத்தும். படகு கவிழ்ந்தால் துடுப்பு மிதந்து படகின் வயிற்றுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், தொலையாது, ஆனால் எடுக்க நீங்கள் கவிழ்ந்த படகுக்கு உள்ளே போக வேண்டும். மேலே வைத்த துடுப்பு அப்படியல்ல. படகு தலைகீழானதும் மேற்புறம் கீழ்ப்புறமாகிவிடுகிறது, மரம் மிதக்கப் பார்த்து சட்டத்தையே அழுத்திக்கொண்டு நிற்கும். எலாஸ்டிக் கயிறு தாங்க வேண்டியது அலையின் உலுக்கலை மட்டும்தான். அதனால்தான் அவ்வளவு மெல்லிய கயிறு போதுமாகிறது.

இனிக் கட்டும் முறை. இரண்டு இடம், இரண்டு வேறு வேலை.

நுகத்தில் வேண்டியது அலகைச் செருகும் ஒரு பட்டி. நுகம் படகின் முழு எடையையும் தாங்கும் மரம், அதில் துளை போடாதீர்கள். வாடகைப் படகென்றால் அந்தப் பேச்சே இல்லை. பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, விளிம்பை ஒட்டி ஒன்றும் அதிலிருந்து 25 சென்ரிமீற்றர் உள்ளே ஒன்றுமாக நுகத்தைச் சுற்றுங்கள். ஒவ்வொன்றின் மேலும் 3 மில்லிமீற்றர் நைலோன் கயிற்றை ஐந்தாறு சுற்று இறுக்கிச் சுற்றி முடியுங்கள். ரப்பர் அடியில் இருப்பதால் சுற்று நழுவாது, வார்னிஷும் உரசுப்படாது. எலாஸ்டிக் கயிற்றில் 45 சென்ரிமீற்றர் வெட்டி, வெட்டிய முனைகளின் உறையை லைட்டரால் உருக்கி அடைத்து, ஒரு சுற்றிலிருந்து மற்றச் சுற்றுக்கு நுகத்தின் மேற்புறமாக நேராகக் கொண்டுபோய் முடியுங்கள். முடிந்தபின் அது நுகத்தில் ஒட்டிப் படுத்திருக்க வேண்டும், ஆனால் இழுபட்டு விறைத்திருக்கக் கூடாது. அலகைச் செருகும்போதுதான் விறைக்கும். அலகில் பாதிக்கு மேல் பட்டிக்கு முன்னே போகும் வரை செருகுங்கள்.

பின் குறுக்குச் சட்டத்தில் வேண்டியது தண்டைப் பிடித்து, இழுத்தால் விடும் ஒரு கண்ணி. 40 சென்ரிமீற்றர் எலாஸ்டிக் கயிற்றை இரண்டாக மடித்து, இரண்டு முனையையும் 4, 5 சென்ரிமீற்றர் நீளமான ஒரு மரக்கட்டையின் நடுத்துளையில் கோத்து முடியுங்கள். இப்போது ஒரு பக்கம் கட்டை, மறுபக்கம் கண்ணி. இதைச் சட்டத்துக்கு அடியால் விட்டு, இரு நுனியையும் தண்டுக்கு மேலே கொண்டுவந்து, கட்டையைக் கண்ணிக்குள் நுழைத்துவிடுங்கள். ஒரு நுனி தண்டின் இடப்பக்கத்தாலும் மற்றது வலப்பக்கத்தாலும் வர வேண்டும். கண்ணி பெரிதென்றால் சட்டத்தை இன்னொரு சுற்றுச் சுற்றிச் சிறிதாக்குங்கள். தளர்ந்த கடிகாரப் பட்டிபோலத் தொங்கும் கண்ணி துடுப்பைப் பிடிக்காது, உங்கள் பாதத்தைப் பிடிக்கும்.

எடுப்பது இரண்டு அசைவு. கட்டையை உள்ளங்கையால் பற்றி உருவினால் தண்டு விடுபடும். கைப்பிடியைச் சற்றுத் தூக்கித் தன்பக்கம் இழுத்தால் அலகு நுகப் பட்டியிலிருந்து வழுக்கி வரும். முதலில் தண்டு, பிறகு அலகு. மாற்றிச் செய்தால் அலகு பின்சட்டத்தின் கண்ணியில் மாட்டிக்கொள்ளும்.

சோதனை மூன்று. புல்தரையில் படகைக் கவிழ்த்து இருவர் இரு முனையையும் பிடித்து நன்றாக உலுக்குங்கள். துடுப்பு விழக் கூடாது. அடுத்து, படகை நிமிர்த்திப் பின் ஆசனத்தில் இருந்து, கண்ணை மூடி, ஒரு கையால், கையுறை போட்டு எடுத்துப் பாருங்கள். ஐந்து எண்ணுவதற்குள் கைக்கு வர வேண்டும். கடைசியாக இடுப்பளவுத் தண்ணீரில் லைஃப் ஜாக்கெட்டோடு கவிழ்த்து எடுத்துப் பாருங்கள். முதல் சோதனையில் விழுந்தால் கயிற்றைச் சற்று இறுக்க வேண்டும். இரண்டாவதில் திணறினால் மரக்கட்டை சிறிதாக இருக்கிறது என்று அர்த்தம், அதைத்தான் மாற்ற வேண்டும்.

வெயிலில் ரப்பர் இழுவையை இழக்கும். உறை சுருங்கி அலையலையாகத் தெரிந்தாலோ, இழுத்து விட்டதும் பழைய நீளத்துக்கு வர நேரமெடுத்தாலோ புதிதாகப் போடுங்கள்.

வெல்க்ரோ பட்டி, கரபினர் – இவற்றால் கட்டக் கூடாதா?
— பிரம்டன் வாசகர்

வெல்க்ரோ பரவாயில்லை. இரண்டரை சென்ரிமீற்றர் அகலப் பட்டி எடுத்து, நுனியை ஒரு அங்குலம் மடித்துத் தைத்துவிடுங்கள், பிடித்து இழுக்க அதுதான் காது. மணலும் பைன் ஊசியும் புகுந்தால் பிடிக்காது, அவ்வப்போது பழைய பற்தூரிகையால் துப்புரவாக்க வேண்டும். கரபினர், அதாவது வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி, வேண்டாம். நடுங்கும் விரலால் அதன் வாயைத் திறப்பது முடிச்சை அவிழ்ப்பதைவிடக் கடினம். திறந்த வாய் உங்கள் லைஃப் ஜாக்கெட் பட்டியிலும் தானாக மாட்டும்.

ஓடும் ஆற்றில், துடுப்பு தொலையாமல் இருக்க, மெல்லிய கயிற்றால் அதை மணிக்கட்டோடு கட்டிவிட்டால் மாற்றுத் துடுப்பே வேண்டாமே?
— அஜாக்ஸ் வாசகர்

ஓடும் நீரில் எந்தக் கயிற்றையும் உடம்போடு கட்டாதீர்கள். மடவாஸ்கா போன்ற ஆற்றில் கவிழ்ந்தால் துடுப்பு ஒரு கல்லின் இந்தப் பக்கமும் நீங்கள் அந்தப் பக்கமும் போவீர்கள். நடுவில் கயிறு. பின்னால் வரும் நீரின் முழு வேகமும் மணிக்கட்டில் இறங்கும், அப்போது எந்த முடிச்சையும் அவிழ்க்க முடியாது. துடுப்பைப் படகோடு நீளக் கயிற்றால் கட்டுவதும் இதே ஆபத்துத்தான், அந்தக் கயிறு உங்கள் காலைச் சுற்றும். ஆற்றில் துடுப்பு போனால் போகட்டும். மாற்றுத் துடுப்பு இருப்பதே அதற்காக.

எந்தத் துடுப்பை மாற்றாக வைப்பது? எங்களிடம் அலுமினியத் தண்டும் பிளாஸ்ரிக் அலகும் கொண்ட மலிவுத் துடுப்பு ஒன்று சும்மா கிடக்கிறது.
— மிசிசாகா வாசகர்

"சும்மா கிடப்பது" என்பதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதை வைத்து நாள் முழுக்க வலிக்க வேண்டி வரலாம் என்று எண்ணிப் பாருங்கள். ஆனாலும் அந்த மலிவுத் துடுப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கல்லில் இடித்தாலும் கவலையில்லை. ஆழமற்ற, கல் நிறைந்த இடம் வந்ததும் நல்ல மரத் துடுப்பை உள்ளே வைத்து அதை எடுத்துக்கொள்ளலாம். குறைகளும் சொல்லிவிடுகிறோம். கனம் அதிகம். குளிரில் அலுமினியம் கையைக் கடிக்கும், தண்டில் கைபடும் இடத்தில் துணி ரேப் சுற்றுங்கள். தண்டின் நுனி மூடி கழன்றால் உள்ளே தண்ணீர் ஏறிவிடும், பிறகு மிதப்பதை நம்ப முடியாது. கிளம்புமுன் ஒரு தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

நீளம் பின் ஆசனக்காரருக்குப் பொருந்த வேண்டும். சமதளக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, உட்காரும் பலகையிலிருந்து மூக்கு வரை அளந்தால் அது தண்டின் நீளம். அதோடு அலகின் நீளம் சேர்ந்தது மொத்தத் துடுப்பு. நீளம் சற்றுக் கூடினால் முன்னால் இருப்பவர் சமாளிப்பார். குறைந்தால் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு வலிப்புக்கும் குனிய வேண்டும், மாலையில் இடுப்பு சொல்லும்.

வளைந்த தண்டுத் துடுப்பு வைத்து நெடுந்தூரம் போகிறவர்கள் மாற்றாக நேர்த்தண்டு ஒன்றை வைப்பது நல்ல சேர்க்கை. வளைந்தது நேராக முன்னே போக வல்லது. படகைப் பக்கவாட்டில் இழுக்கவும் விளிம்பில் ஊன்றித் திருப்பவும் நேர்த்தண்டுதான் கைக்கு இணங்கும். அப்போது மாற்றுத் துடுப்பு சும்மா வராது, தினமும் ஓரிரு முறை வேலை செய்யும். தினமும் எடுத்து வைக்கப்படும் துடுப்புக்குக் கட்டு எப்போதும் சரியாக இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் மரக்கோல் ஊன்றி வள்ளம் தள்ளிப் பழகியவர் என் அப்பா. கனூவிலும் கல்லைக் கண்டால் துடுப்பை ஊன்றித் தள்ளுகிறார். "எத்தனை வருசம் தள்ளினனான், எனக்குச் சொல்லித் தாறியோ?" என்கிறார். துடுப்பு உடையாதா?
— பிக்கரிங் வாசகி

அப்பாவின் கை தவறில்லை, கையில் இருக்கும் பொருள்தான் தவறு. மரக்கோல் முழு நீளத்துக்கும் ஒரே பருமன், நுனியில் மெல்லிய அலகு கிடையாது. துடுப்பில் தண்டு அலகாக விரியும் கழுத்துத்தான் பலவீனமான இடம். நேராக ஊன்றும்போது தாங்கும். கல்லிடுக்கில் அலகு மாட்டி, படகு நகர்ந்து, தண்டு பக்கவாட்டில் நெம்பப்படும்போது அந்தக் கழுத்தில் இழை பிரியும். முதலில் ஒரு மயிரிழைக் கோடு மட்டும் தெரியும். அதற்குள் தண்ணீர் புகுந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, ஒரு நாள் சாதாரண வலிப்பில் முறியும். அதனால்தான் "சும்மா வலிச்சனான், முறிஞ்சு போச்சு" என்கிறார்கள். கழுத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தடுக்கினால் அந்தத் துடுப்பை மாற்றாகக்கூட எடுத்துப் போகாதீர்கள்.

அப்பாவுக்கு ஒரு கோலே எடுத்துக் கொடுங்களேன். கனூவை நின்றபடி கோல் ஊன்றிச் செலுத்துவது வட அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம்தான். 12 அடி நீளமான ஆஷ் மரக்கோலோ அலுமினியக் கோலோ போதும். ஆழமற்ற ஆற்றில் அவர் உங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு போவார். லைஃப் ஜாக்கெட் மட்டும் போடச் சொல்லுங்கள்.

படகைத் தோளில் சுமக்கும்போது மாற்றுத் துடுப்பு உள்ளேயே இருக்கலாமா? படகு முன்னே சாய்கிறது.
— வோன் வாசகர்

இருக்கலாம். அப்போதுதான் அது வழியில் தங்கிப்போகாது. ஆனால் தண்ணீரில் வைக்கும் கட்டு சுமப்பதற்குப் போதாது. நடக்கும் குலுக்கலில் மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து, கிளையில் தட்டும். பின்சட்டக் கண்ணிக்கு மேல் ஒரு வெல்க்ரோ பட்டி சேர்த்துப் போட்டு, படகை இறக்கியதும் அதை மட்டும் கழற்றுங்கள். அது மறந்து போகக்கூடியது, கண்ணில் படும் நிறத்தில் வாங்குங்கள்.

முன்சாய்வுக்குக் காரணம் அலகு நுகத்துக்கு முன்னே நிற்பது மட்டுமாக இருக்காது. முன் ஆசனத்தடியில் தண்ணீர்ப் போத்தலோ ஈரக் கயிறோ கிடக்கும், பாருங்கள். தோளில் ஏற்றிய படகு ஒரு துளி பின்சாய்வாக இருந்தால்தான் முன்னே பாதை தெரியும். வலிக்கும் இரண்டு துடுப்பையும் படகில் கட்டுவதென்றால் மறு விளிம்பில், அலகு பின்னோக்கி வைத்துக் கட்டுங்கள், எடை சமப்படும்.

கனூவைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு 400 நெடுஞ்சாலையில் போகும்போது?
— நியூமார்க்கெட் வாசகர்

எல்லாத் துடுப்பும் காருக்குள். எலாஸ்டிக் கயிறு ஏரியின் அலைக்கானது, நெடுஞ்சாலைக் காற்றுக்கானதல்ல. தலைகீழாகக் கட்டிய படகிலிருந்து நழுவும் துடுப்பு பின்னால் வருபவரின் முன்கண்ணாடிக்குத்தான் போகும்.

காலையில் எழுந்து பார்த்தால் துடுப்பின் கைப்பிடியை ஏதோ கடித்துக் குதறியிருந்தது. கரடியா?
— ஸ்காபரோ வாசகர்

முள்ளம்பன்றி. துடுப்பில் ஊறிய வியர்வை உப்புக்காக வரும். கோடரிப் பிடியையும் விடாது. கடித்த இடத்தில் அரைவட்ட உளிபோல இரட்டைப் பற்தடம் இருந்ததா? அதுதான் அடையாளம். கவிழ்த்த படகுக்கடியில் வைத்தால் போதாது, அங்கேயும் நுழையும். கைப்பிடியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, மரக்கிளையிலிருந்து கயிற்றில் தொங்கவிடுங்கள். குதறிய பிடியை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து எண்ணெய் பூசினால் மீண்டும் பிடிக்கலாம், கொப்புளம் மட்டும் ஓரிரு நாள் கூட வரும்.

கனூ லேக்கில் இறந்த ஓவியர் டொம் தொம்சனின் கதையிலும் மாற்றுத் துடுப்பு வருகிறது என்றார் நண்பர். உண்மையா?
— ரொறன்ரோ வாசகி

வருகிறது. 1917 ஜூலை 8ஆம் திகதி அவர் கனூவில் தனியே புறப்பட்டார். உடல் ஜூலை 16ஆம் திகதி ஏரியில் மிதந்தது. கவிழ்ந்து கிடந்த அவருடைய படகினுள், தரைவழி சுமப்பதற்குக் கட்டுவதுபோலத் துடுப்பு கட்டப்பட்டிருந்ததாகவும், அவர் வலித்துச் சென்ற துடுப்பு கிடைக்கவே இல்லை என்றும் தேடலில் இருந்த வனக்காவலர் மார்க் ராபின்சன் வழியாக வந்த செய்திகள் சொல்கின்றன. அந்தக் கட்டு தொம்சன் போடும் கட்டுப்போல இல்லை என்பதும் அவர் வழியாக வந்ததுதான். அதைப் பிடித்துக்கொண்டு நூறாண்டுக்கு மேலாக ஊகங்கள் ஓடுகின்றன. அவற்றுக்குள் போவது இந்தப் பகுதியின் வேலையல்ல.

கயாக்கில் எப்படி? உள்ளே இடமே இல்லை.
— வாட்டர்லூ வாசகர்

இரண்டு துண்டாகக் கழலும் துடுப்பை வாங்கி மேல்தளத்தில் வையுங்கள். அங்கே ஏற்கனவே எலாஸ்டிக் கயிறுகள் இருக்கும். முன்தளம் என்றால் கை எட்டும். பின்தளம் என்றால் பார்வைக்குத் தடையில்லை, ஆனால் உட்கார்ந்தபடி எடுக்க உடலை முறுக்க வேண்டும், அலையில் அதுவே கவிழ்த்துவிடும். நாங்கள் முன்தளத்தையே சொல்வோம். அலகுகள் முன்முனையைப் பார்த்து, தண்டுகள் உங்களைப் பார்த்து. பூட்டும் இடத்தில் மணல் புகுந்தால் இரண்டு துண்டும் சேராது, மாதம் ஒருமுறை கழுவிச் சேர்த்துப் பாருங்கள்.

மாற்றுத் துடுப்பும் முறிந்தால்?
— ஒஷாவா வாசகர்

தண்டு முறிந்திருந்தால் சரிக்கட்டலாம். முறிந்த முனைகளைப் பொருத்தி, இருபுறமும் குறைந்தது 15 சென்ரிமீற்றர் தாண்டும் நீளத்துக்கு விரல் பருமன் பச்சைக் குச்சிகள் மூன்றைச் சுற்றிலும் வைத்து, முதலில் கயிற்றால் நெருக்கிச் சுற்றி, அதன்மேல் டக்ட் ரேப் சுற்றுங்கள். ரேப்பை மட்டும் நம்பினால் நனைந்து வழுக்கும். இதற்காக 3 மீற்றர் ரேப்பைத் தண்ணீர்ப் போத்தலின்மேல் சுற்றி வைத்துக்கொண்டால் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. தண்டைச் சுற்றி இறுக்கும் இரும்புக் குழாய்ப் பட்டி இரண்டு பையில் இருந்தால் இன்னும் உறுதி, அதற்கு ஒரு திருப்புளியும் வேண்டும். கழுத்தில் முறிந்தது இப்படி நிற்காது. அலகை அப்படியே கையில் பிடித்து முழங்காலில் நின்று வலிப்பதுதான் வழி, கரையோரமாக.

குளிர்காலத்தில் எப்படி வைப்பது? எண்ணெயா வார்னிஷா?
— மார்க்கம் வாசகி

அலகுக்கு வார்னிஷ், கை வழுக்கி ஓடும் தண்டுக்கும் கைப்பிடிக்கும் எண்ணெய். தண்டில் வார்னிஷ் இருந்தால் கையில் கொப்புளம் போடும். பழைய பூச்சை 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லப் பூசி, கால் மணித்தியாலம் விட்டு, மிஞ்சியதைத் துடையுங்கள். மறுநாள் இன்னொரு தடவை. துடுப்பைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், மாதக் கணக்கில் வளையும். கைப்பிடியில் கொளுவித் தொங்கவிடுங்கள், வெப்பக்காற்று வரும் துளைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும், கராஜ் எரிந்த வீடுகள் உண்டு. துணியை வெளியே தனித்தனியாக விரித்து விறைக்கும் வரை காயவிடுங்கள். அதற்கு இடமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் அமிழ்த்தி மூடி, நகராட்சியின் அபாயக் கழிவுச் சேகரிப்பில் கொடுங்கள்.